கூட யாரு வந்திருக்கா?

புற்றுநோய்ப் பிரிவின் பெஞ்சில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அந்தக் கேள்வி தெரியும். மருத்துவர் கோப்பைப் புரட்டுவார். பயாப்சி முடிவு இருக்கும் தாளில் அவர் கண் சற்று நிற்கும். பிறகு தலையைத் தூக்காமலே கேட்பார்: "கூட யாரு வந்திருக்கா?"

எதிரே இருப்பவருக்கு அந்த நொடியிலேயே விஷயம் தெரிந்துபோகும். காய்ச்சலுக்குப் போனபோது யாரும் இப்படிக் கேட்டதில்லை. மூட்டுவலிக்குப் போனபோதும் கேட்டதில்லை. துணைக்கு ஆள் தேடுகிற அளவுக்கு அந்தத் தாளில் ஏதோ இருக்கிறது. "நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்கம்மா" என்று அடுத்து வரும் வாக்கியம் மிச்சத்தையும் சொல்லிவிடும். உண்மையை மறைப்பதற்காகப் பேசப்படும் இந்த இரண்டு வாக்கியங்களைப்போல உண்மையைப் பட்டென்று உடைத்துச் சொல்பவை வேறில்லை.

என் பெரியம்மாவை வெளியில் உட்காரச் சொன்னபோது நான் சுவரோரம் நின்றிருந்தேன். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஏரிப் பாசனத்தை நம்பிய ஊர் எங்களுடையது. அவளுக்கு இரண்டு கறவை மாடு, அரை ஏக்கர் நஞ்சை, ஒரே பையன். மார்பில் தட்டுப்பட்ட கட்டியை ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று ஊரில் சொல்வார்கள், அந்தப் பயம். அப்படியும் கட்டி பெரிதாகியிருக்கவில்லை. உள்ளே மருத்துவர் அவள் மகனிடம், என் அண்ணனிடம், சொன்னார்: "முழுசா எடுத்துடலாம். அதுதான் சேஃப். இந்த வயசுல வேற என்ன?" அண்ணன் தலையாட்டினான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். வெளியே வந்து, "ஒண்ணுமில்லம்மா, கட்டிதான். ஆப்பரேசன் பண்ணிட்டா சரியாயிடும்" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாப்டியாடா?" என்று கேட்டாள்.

அந்த அறையில் சொல்லப்படாமல் போன ஒன்று இருந்தது. பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு அது தெரிந்தது. மார்பகப் புற்றுக்கு மார்பை மட்டுமல்லாமல் அடியில் உள்ள தசையையும் சேர்த்து வழித்தெடுப்பதே ஒரே வழி என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் வகுத்த முறை முக்கால் நூற்றாண்டு ஆட்சி செய்தது. அமெரிக்காவின் பெர்னார்ட் ஃபிஷரும் அவருடைய குழுவினரும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சிறிய கட்டியானால் அதை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பை முழுதாக எடுத்தாலும் பிழைத்திருப்பதில் வேறுபாடு இல்லை என்று 1985இல் முடிவுகள் வெளிவந்தன. 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002இல் மறுபடியும் அதையே உறுதிசெய்தார்கள். ஆக, பெரியம்மாவுக்கு முன்னால் வழி இரண்டாகப் பிரிந்திருக்கலாம். அவள் நின்ற இடத்திலிருந்து அது தெரியவேயில்லை.

கட்டியை மட்டும் எடுத்தால் கதிர்வீச்சு வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் "கரண்டு வைக்கிறது". வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஆறு வாரம். உத்திரமேரூரிலிருந்து செய்யாற்றையும் பாலாற்றையும் தாண்டிக் காஞ்சிபுரத்துக்கு 30 கிலோமீட்டருக்குள்தான். சென்னை என்றால் அதைப்போல மூன்று மடங்கு. விடியலில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, பஸ் ஏறி, வரிசையில் உட்கார்ந்து, சில நிமிடக் கரண்டுக்குப் பிறகு திரும்பி வந்து சாயங்காலப் பாலைக் கறக்க வேண்டும். இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தால் முழுதாக எடுத்துவிடுவதே மேல் என்று அவளும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கைப் போட அவளால்தான் முடியும். மாடு எத்தனை மணிக்குக் கறக்கும் என்பது மருத்துவருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தன் உடம்பு என்னவாக இருந்தது என்பது மகனுக்குத் தெரியாது.

தையல் பிரித்த பிறகு ஒருநாள் திண்ணையில் வைத்து என்னிடம் சொன்னாள்: "என்னியக் கேட்டிருந்தாலும் எடுத்துடுன்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கலியே."

மருத்துவத்தைப் பற்றித் தமிழில் பேச்செடுத்தால் குறள் வராமல் போகாது. 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்பாகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். வரிசையில் முதலில் நிற்பவர் நோயாளி. பக்கத்தில் இருப்பவருக்குக் கடைசி இடம். நம் வெளிநோயாளர் பிரிவுகளில் வரிசை தலைகீழாகிவிட்டது. மருத்துவர் நான்காமவரிடம் பேசுகிறார். முதலாமவர் வெளியே பெஞ்சில் இருக்கிறார்.

இந்தக் குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரை இன்னும் சுவையானது. அவர் காஞ்சிபுரத்துக்காரர், உலகளந்த பெருமாள் கோயிலில் பூசை செய்தவர் என்பது மரபு. நான்கு உறுப்புக்கும் நான்கு நான்கு பண்பு வேண்டும் என்று அவர் பட்டியலிடுகிறார். நோயாளிக்குக் கையில் பொருள் வேண்டும். மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும். நோயின் நிலையை எடுத்துச் சொல்ல வேண்டும். மருந்தால் வரும் துன்பத்தைத் தாங்க வேண்டும். கீமோ ஏற்றிக்கொண்டு வாந்தியோடு பஸ்ஸில் திரும்புகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த நான்காவது பண்பு இன்று எழுதியதுபோல் இருக்கும். முதலாவதைக் கொஞ்சமாவது இறக்கி வைக்க 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் வந்தன. போன கூலியையும் பஸ் காசையும் எந்த அட்டையும் தராது என்பது வேறு கதை.

என்னை நிறுத்தியது வேறொன்று. நோயாளி மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று பட்டியலில் இருக்கிறது. மருத்துவர் நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்று தனியாக ஒரு வரி இல்லை. அந்தக் காலத்தில் தேவைப்பட்டிருக்காது. ஆனால் மருத்துவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் பொதுவாக ஒரு பண்பை அவர் கேட்கிறார்: மனம், மொழி, மெய் மூன்றும் தூய்மையாக இருக்க வேண்டும் என்கிறார். 'ஒண்ணுமில்லம்மா, கட்டிதான்' என்ற என் அண்ணனின் மொழி தூய்மையானதா? அன்பில் அது தூய்மையானதுதான். பக்கத்தில் இருப்பவருக்கு நோயாளி மேல் அன்பு வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. அன்பும் மொழித் தூய்மையும் ஒன்றோடொன்று மோதினால் எது மேலே என்று அந்த உரைகாரர் சொல்லவில்லை. நம் வீடுகள் அன்பின் பக்கம் நின்று முடிவுசெய்துவிட்டன.

இதை நம் ஊர்ப் பழக்கம் என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது. 1961இல் சிகாகோவில் ஒரு மருத்துவமனையின் 219 மருத்துவர்களைக் கேட்டபோது 90 விழுக்காட்டினர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979இல் அதே மாதிரிக் கேள்வியை அமெரிக்காவில் மறுபடி கேட்டபோது 97 விழுக்காட்டினர் சொல்வதையே விரும்பினார்கள். 18 ஆண்டில் மருத்துவர்கள் எல்லோரும் திடீரென்று உண்மை விளம்பிகளாகிவிட்டார்கள் என்று நினைக்கத் தேவையில்லை. இடையில் மருந்துகள் வந்திருந்தன. சொல்வதற்கு ஏதோ இருந்தது.

நம் பக்கமும் அப்படித்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது அங்கே இருந்தவை 12 படுக்கைகள். புற்று வந்தால் சாவுதானே, அதற்கொரு மருத்துவமனை எதற்கு என்பதே அன்றைய பொது எண்ணம். அந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டியே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். செய்ய ஒன்றுமில்லாத காலத்தில் மறைப்பது கருணையாக இருந்தது. சாவை நாலு நாள் தள்ளிச் சொல்வதால் யாருக்கும் நட்டமில்லை. வழிகள் இரண்டு மூன்று என்று ஆன பிறகு கதை வேறு. இன்று மறைப்பவர் நோயாளியிடமிருந்து கெட்ட செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. தேர்வையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்.

சட்டமும் இதைச் சொல்லிவிட்டது. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சோதனைக்காக மட்டும் மயக்க மருந்துக்குச் சம்மதித்த பெண் அவர். மயக்கத்தில் இருந்தபோது வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவு திரும்பியதும் தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக, பெற்ற தாயின் சம்மதம்கூடச் செல்லாது என்றது நீதிமன்றம். தாய்க்கே இல்லாத உரிமை என் அண்ணனுக்கு இருந்ததா? படிவத்தில் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது, அவன் போட்டான். அவளுக்கும் பிறகு ஒரு படிவம் நீட்டப்பட்டது. அதைப் படித்துக் காட்டியவர் யாருமில்லை. ஆறாவது வரை படித்தவள், அழகாகக் கையெழுத்துப் போடுவாள்.

மருத்துவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி முடித்துவிடுவது எளிது. வெளிநோயாளர் பிரிவின் கதவுக்கு வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. ஒருவருக்கு அரை மணி நேரம் கொடுத்தால் வரிசையில் கடைசியில் நிற்பவர் ஊருக்குக் கடைசி பஸ்ஸைத் தவறவிடுவார். இப்படிப் பேசக் கற்றுத்தரவும் வெகுகாலம் யாருமில்லை. இந்தியாவில் மருத்துவப் பாடத்திட்டத்தில் நோயாளியோடு பேசுவது ஒரு பாடமாக நுழைந்ததே 2019இல்தான். கெட்ட செய்தியைச் சொல்வதற்கு ஆறு படிகளை வகுத்து பெய்ல், பக்மன் முதலான மருத்துவர்கள் 2000இல் எழுதினார்கள். அதில் எனக்குப் பிடித்தது, சொல்வது நான்காவது படி என்பது. அதற்கு முன்னால் தனியிடம் பார்த்து உட்கார வேண்டும். நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு படி கேட்பதுதான்.

அதற்கு மேல் மொழி என்ற பள்ளம் இருக்கிறது. மருத்துவம் ஆங்கிலத்தில் படிக்கப்படுகிறது, தமிழில் நோகிறது. "கட்டுப்பாட்டுல வெக்கலாம்" என்று மருத்துவர் சொல்வது "குணமாகிவிடும்" என்று காதில் விழுகிறது. "நூத்துல எழுவது பேருக்கு நல்லா கேக்கும்" என்றால், "நான் அந்த எழுவதுலயா முப்பதுலயா?" என்ற நியாயமான கேள்வி எழுகிறது. அதற்கு உலகத்தில் எந்த மருத்துவரிடமும் பதில் கிடையாது. "கரண்டு" என்ற சொல்லைக் கேட்டு ஷாக் அடிக்கும் என்று பயந்து பாதியில் வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. வெயில் மாதிரி, கண்ணுக்குத் தெரியாத வெயில் மாதிரி என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பார்கள். நோயின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் புற்றுக்கு மஞ்சள் பூசிப் பால் ஊற்றிக் கும்பிடுகிறார்கள். அதே சொல்லை நோய்க்குச் சூட்டிவிட்டு வாயால் சொல்லப் பயப்படுகிறோம். வீடுகளில் அதை "கட்டி" என்போம், "அந்த வியாதி" என்போம்.

காஞ்சிபுரத்தில் காரப்பேட்டையில் அரசின் புற்றுநோய் மருத்துவமனை அண்ணாவின் பெயரில் இருக்கிறது. உணவுக்குழாய்ப் புற்றால் 1969 பிப்ரவரி 3ஆம் தேதி இறந்தவர் அவர். முந்தைய செப்டம்பரில் சிகிச்சைக்கு நியூயார்க் போய் நவம்பரில் திரும்பியவர். நாட்டில் தன் நோயைப் பற்றி இத்தனை பேர் பேசிய நோயாளி அவருக்கு முன்னால் இருந்திருக்கமாட்டார். கடினமான விஷயத்தைப் பாமரனுக்குப் புரியும் தமிழில் மேடையில் சொல்லிக் காட்டியவரும் அவர்தான். அந்தக் கலை மேடையிலிருந்து மருத்துவரின் மேசைக்கு வந்து சேர இன்னும் பாக்கியிருக்கிறது.

தேர்வுகளை வரிசையாக அடுக்கி, "இதுல எது வேணும், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டால் போதுமா? அதுவும் போதாது. துணிக்கடையில் புடவை எடுத்துப் போடுவதுபோல் மூன்று சிகிச்சையை முன்னால் விரித்தால் எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உங்க அம்மாவா நெனச்சி நீங்களே சொல்லுங்க டாக்டர்." புத்தகம் படித்தவர்கள் இதைக் கேட்டால் நோயாளி முடிவெடுக்கத் தயங்குகிறார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது உறவுக்கான கோரிக்கை. உன் படிப்பை மட்டும் காட்டாதே, உன் மனசையும் காட்டு என்று கேட்பது. ஒருவர் முடிவை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம், "எனக்கு எதுவும் சொல்லாதீங்க, பையன்கிட்ட சொல்லுங்க" என்றும் சொல்லலாம். அதுவும் அவருடைய முடிவுதான். அவர் வாயால் வர வேண்டும், அவ்வளவே.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இதை விளக்க ஊரிலேயே ஒரு சுவர் இருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபம். முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கேதான். ஊர்ச்சபையின் குடவோலைத் தேர்தலை நடத்தும் முறை அவற்றில் படிப்படியாக இருக்கிறது. 30 குடும்புகள், அதாவது ஊரின் பிரிவுகள். ஓலைகளைக் குடத்தில் இட்டு எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒருவன் எடுக்க வேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். வாங்கி உரக்கப் படிக்க வேண்டும். கூடியிருக்கும் கோயில் பூசாரிகளான நம்பிமாரும் படிக்க வேண்டும். ஓலையில் உள்ளது கைக்குள் மறைந்துவிடக் கூடாது என்பதில் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இவ்வளவு கவனம்.

பள்ளியில் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டிப் பெருமைப்படச் சொன்னார்கள். பெருமைதான். ஆனால் அந்தச் சபை பிராமணர்களின் ஊர்ச்சபை. சொந்த நிலமும் மனையும் வேதப் படிப்பும் உள்ள, 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்கும் ஆண்களின் பெயர்தான் ஓலையில் ஏறும். ஏரியில் தூர் எடுத்தவர்களின் பெயர் குடத்துக்குள் போகவேயில்லை. எந்தப் பெண்ணின் பெயரும் போகவில்லை. அவர்களைப் பற்றிய முடிவுகளும் அதே மண்டபத்தில்தான் எடுக்கப்பட்டிருக்கும். பெரியம்மாவின் கோப்பை வைத்துக்கொண்டு மருத்துவரும் மகனும் பேசியபோது அந்தச் சுவர்தான் என் நினைவுக்கு வந்தது. ஓலை வெளிப்படையாகத்தான் படிக்கப்பட்டது. படிக்கும்போது அவள் மண்டபத்துக்கு வெளியே இருந்தாள்.

நாலு வருடம் கழித்து அவளுக்கு இடுப்பில் வலி வந்தது. எலும்புக்குப் போயிருக்கிறது என்று ஸ்கேன் சொன்னது. இந்தமுறை வேறு மருத்துவமனை, வயதில் சின்ன டாக்டரம்மா. அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்க உடம்புக்கு இன்னான்னு நெனக்கிறீங்க பெரியம்மா?" என்றார். என் பெரியம்மா அவரைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ கொஞ்சம் வெளிய இரு" என்றாள். அவன் போனதும், "அவன் தாங்கமாட்டாம்மா. எனக்கு எல்லாம் தெரியும். திரும்ப வந்துடுச்சி. நீ சொல்லு" என்றாள். நாலு வருடமாக இருவரும் ஒருவரை ஒருவர் பொத்திப் பொத்திக் காத்து வந்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா சொன்னார். முழுசாகப் போக்க முடியாது. அடக்கி வைக்க மாத்திரை இருக்கிறது, வீட்டிலேயே சாப்பிடலாம். மருந்து ஏற்றுவதைப் பிறகு தேவைப்பட்டால் பார்க்கலாம். வலிக்குக் கரண்டு வைக்கலாம். அதில் இரண்டு வகை: பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பது ஒன்று, ஒரே நாளில் வைத்து முடிப்பது ஒன்று. வலி குறைவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே நாளில் வைத்தால் பின்னால் இன்னொரு தரம் வைக்க வேண்டி வரலாம். வலி அதிகமானால் மார்ஃபின் மாத்திரை இருக்கிறது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். படுத்துவிட்டால் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். "இனிமே ஒண்ணும் செய்ய முடியாது, கூட்டிட்டுப் போங்க" என்ற, தமிழ்நாட்டு வராந்தாக்களில் அடிக்கடி கேட்கும் அந்தப் பொய்யை அவர் சொல்லவில்லை. செய்வதற்கு நிறைய இருந்தது. மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

பெரியம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "ஒரு நாள் வெச்சிக்கினா, மாடு கன்னு போடறதுக்குள்ள குனிஞ்சி நிமிருவனா?" எப்போது என்று டாக்டரம்மா கேட்டார். "தை பொறந்து" என்றாள். வலி தணிய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் தணிந்துவிட வாய்ப்பு அதிகம் என்றார் அவர். "அப்போ ஒரு நாளே போதும். திரும்ப வந்தா திரும்ப வரேன்." கோப்பில் அதை எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன் நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது. "இன்னாம்மா சொன்னாங்க?" என்று அவளைக் கேட்காமல் என்னைப் பார்த்துக் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "ஒண்ணுமில்லடா. ஒரு நாள் கரண்டு வெச்சா போதுமாம். சாப்டியா?"